செல்லன் ஓடிப்போகவில்லை

மகாதேவாவின் வெள்ளைக் கார் ஏழாங்கட்டைத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் சேற்றை வாரியடித்துக்கொண்டு வந்தபோது, நல்லம்மாள் செம்பனைக் காட்டுக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். குலையை வெட்டித் தள்ளும்போது நாலாபுறமும் சிதறுகிற பழங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் கோணியில் போடுவது அவள் வேலை. நவம்பர் மழை மூன்று நாளாக விடவில்லை. பழமெல்லாம் சேற்றில் புதைந்து கிடந்தது. விரலால் நோண்டி நோண்டி எடுத்ததில் நகக்கண்ணெல்லாம் எரிந்தது. குலை வெட்டுகிறவர்கள் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகள். பொறுக்குகிற வேலையில் தமிழ்ப் பெண்கள் என்று அவளோடு சேர்த்து இரண்டு பேர்தான் மிச்சம். ஐம்பத்தொன்பது வயதாகிறது. நிறுத்திக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

வேலையை மேற்பார்க்கிற மண்டோர் யுவனேஸ்வரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, மழைக்கோட்டைத் தலையிலிருந்து தள்ளிவிட்டுக் கூப்பிட்டான்.

"அத்த! பழைய கிராணி வீட்டு ஐயா வந்திருக்காருலா. ஒங்களத்தான் கேக்கறாரு. வீட்டுல ஒக்காந்திருக்காரு."

"இந்தக் கோணி ரொம்பட்டும், வரேன்."

"நான் பாத்துக்கறேன், போங்க அத்த. பெரிய மனுசன் காத்துக்கிட்டு இருக்காரு."

"எண்பது வருசமா நாங்க காத்துக்கிட்டு இருக்கோம். அவரு அரமணி நேரம் இருக்கட்டும்" என்றாள் நல்லம்மாள். கோணியை நிரப்பி, வாயைக் கட்டி, ரோட்டோரம் இழுத்துப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

மகாதேவா எதற்காக வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா சண்டைக்கு முன்பிருந்தே இந்தத் தோட்டத்தின் பெரிய கிராணி. ஆள் கணக்கு, பேர்ப்பதிவு எல்லாம் அவர் கையில்தான் இருந்தது. பேரன் படித்துத் தலைமையாசிரியராகி, ஓய்வு பெற்று, கோலசிலாங்கூரில் மலைக்கோட்டைக்குக் கீழே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். எழுபத்து நாலு வயது. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்ச் செத்தவர்களுக்காக, வருசா வருசம் நவம்பரில் பஸ் பிடித்து, தாய்லாந்தில் காஞ்சனபுரி வரைக்கும் ஆட்களை அழைத்துப் போய் அஞ்சலி செலுத்திவிட்டு வருகிறார். இந்த வருசம் அங்கே ஒரு கல் வைக்கப்போகிறார்கள், வடக்குச் சிலாங்கூர்த் தோட்டங்களிலிருந்து போனவர்களின் பெயரைச் செதுக்கப்போகிறார்கள் என்று பத்தாங் பெர்ஜுந்தாய் பாசாரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

நல்லம்மாளின் அப்பா தங்கையா இரண்டு வருசத்துக்கு முன்னால் செத்துப்போனார். சாகிற வரைக்கும் மகாதேவாவைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, எங்கப்பா செல்லன் பேரு ஒங்க பழைய புத்தகத்துல இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க."

வீட்டில் மகாதேவா பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நல்லம்மாளின் புருசன் உடையப்பன் எதிரே, வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, வீங்கிய முட்டியில் தைலம் தேய்த்தபடி இருந்தார். முப்பது வருசம் செம்பனைக் குலை வெட்டிய முட்டி. மகள் கங்கா தேத்தண்ணி கலக்கி வைத்திருந்தாள். பெஸ்தாரி ஜெயாவில் பல் கிளினிக் ஒன்றில் வேலை பார்க்கிறவள், அன்றைக்கு அவளுக்கு லீவு. பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று சொல்கிற ஊரைத்தான் அவள் வயதுப் பிள்ளைகள் அப்படிச் சொல்கிறார்கள்.

மகாதேவா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, பழுப்பேறிய பெரிய புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தார்.

"தங்கையாவுக்கு நான் வாக்குக் குடுத்தனான். அவர் இருக்கேக்க இதைத் தேடி எடுக்க ஏலாமல் போச்சு. போன மாசம்தான் பரணில கிடைச்சது." பக்கத்தைப் புரட்டினார். "இந்தத் தோட்டத்திலயிருந்து பதினாலு பேர் போயிருக்கினம். எல்லாற்ற பெயருக்கும் நேரே 'சயாம்' எண்டு கிடக்கு. செல்லன் எண்ட பெயரும் இருக்கு. ஆறாம் நம்பர் லயம்."

நல்லம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

"அதுலயும் சயாம்னுதான் போட்டிருக்கா?"

அவர் புத்தகத்தைக் கங்கா பக்கம் திருப்பினார். கங்கா குனிந்து பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

"அம்மா… இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. ஓடிப்போயிட்டாருன்னு அர்த்தம்."

வெளியே தகரக் கூரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. உடையப்பன் தைலக் குப்பியை மூடினார்.

ஓடிப்போனவன் வீடு. இந்த லயத்து வரிசை வீடுகளில் அந்த வீட்டுக்கு அதுதான் பெயர். எங்கேயோ வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு குடித்தனம் பண்ணினான் என்று கதை கட்டியவர்களும் உண்டு. தங்கையா பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டே வளர்ந்தார். சயாமுக்குப் போனவர்களின் பெண்டாட்டிமார்களுக்கு அளந்து போட்ட அரைப்படி அரிசியும் அவர் அம்மா அஞ்சலைக்குக் கிடைக்கவில்லை. நல்லம்மாளைப் பெண் கேட்டு வந்தபோதுகூட உடையப்பனின் அம்மா, "ஓடுற ரெத்தம் இல்லாம இருந்தா சரி" என்று சபையில் சிரித்தாள்.

"யாரு எழுதுனது இது?" என்று கேட்டாள் நல்லம்மாள்.

"அப்பப்பான்ர கையெழுத்துத்தான்."

"சரி. எங்க அப்பாயி அஞ்சலை பாத்தத நான் சொல்றேன், கேட்டுக்கங்க. காலைல பேரு கூப்புடற பெரட்டு. மழை. ஆளுங்க வரிசையா நிக்கிறாங்க. லோரி வந்து நிக்கிது. ஜப்பான்காரன் ரெண்டு பேரு. ஒங்க தாத்தா தாளப் பாத்துப் பேரு கூப்புடறாரு. பதினாலு பேரு. பதிமூணு பேரு ஏறிட்டாங்க. ஒருத்தன் ராவோட ராவா சதுப்புக்காட்டுக்குள்ள ஓடிட்டான். ஆளு கொறையுது. ஜப்பான்காரன் துப்பாக்கியால சுட்டிக் காட்டுறான், கிட்ட ரப்பர்ப் பால் வாளியோட நின்னுக்கிட்டு இருந்த எங்க தாத்தாவ. வாளியக்கூட கீழ வெக்க விடல. லோரி போறப்ப வாளிய அப்பாயி பக்கமா வீசுனாராம். அப்பாயி கால்வாய்க்குள்ள நின்னு பாத்திருக்கு, எங்கப்பன இடுப்புல வெச்சிக்கிட்டு."

அவள் மூச்சு வாங்கவில்லை. குரலும் உயரவில்லை.

"தாள்ல பதினாலு. லோரியிலயும் பதினாலு. கணக்கு சரியாப் போச்சு. ஓடுனவன் பேருக்கு நேரா சயாம். போனவன் பேருக்கு நேரா ஓட்டம். பாத்த மத்தவங்க பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. அவ்வளவுதான்."

மகாதேவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்கள் சொல்லுறது நடந்திருக்கலாம். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் கமிட்டியில ஒரு விதி கிடக்கு. ஆவணம் இல்லாமல் பெயர் போடுறதில்லை. முந்தி ஒருக்கால் ஆரோ இல்லாத பெயரைக் குடுத்துப் பெரிய பிரச்சினையாப் போச்சு. இதில ஆவணமே எதிராயெல்லோ கிடக்கு. கல்லிலயும் போட ஏலாது, வாசிக்கவும் ஏலாது. குறை நினைக்காதையுங்கோ."

"ஒங்க பஸ்ஸுல என்னய ஏத்துவீங்களா, மாட்டீங்களா?"

"பஸ்ஸில ஆரும் வரலாம். அஞ்சலிக்கு வராமல் சும்மா இடம் பார்க்கவெண்டும் சனம் வருகுதுதானே."

"அப்ப என் பேர எழுதிக்கங்க. நான் சுத்திப் பாக்க வரேன்."

அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

கார் போனதும் உடையப்பன் வாயைத் திறந்தார். "ஒனக்கு என்னா பைத்தியமா? பேரு இல்லன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறாரு. இன்னொரு நாட்டுல போயி அத்தன பேரு முன்னால அசிங்கப்படணுமா?"

"நான் அசிங்கப்பட ஒன்னும் செய்யலியே."

"அம்மா போவட்டும்பா" என்றாள் கங்கா. "பாஸ்போட் நான் ரெடி பண்றேன். ஒன் டே ஒர்க்தான்."

"நீ சும்மா இருலா. மழைக்காலத்துல நாலு நாளு பஸ்ஸுல ஒக்காந்து போயி, ஒப்பாரி வெச்சிட்டு வர்றதுக்கு…" அவர் எழுந்தார். முட்டி வலித்தது. வலியில் வார்த்தை தடித்துவிட்டது. "ஓடிப்போனவனுக்கு எதுக்குடி படையலு?"

கங்கா கையிலிருந்த கோப்பையை டமாரென்று வைத்தாள். "அப்பா! வாட் இஸ் திஸ்?"

முப்பத்து நாலு வருசத்தில் உடையப்பன் அந்த வார்த்தையை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் அம்மா சொன்னபோதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிற மனுசன். அது உள்ளே இத்தனை காலமும் இருந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் நல்லம்மாள் பார்த்தாள். சோறு வடித்தாள், கருவாட்டுக் குழம்பு வைத்தாள், அவர் தட்டில் போட்டாள். பேச்சு மட்டும் இல்லை. கிளம்புகிற வியாழக்கிழமை வரைக்கும் இல்லை.

அன்றைக்கு விடிந்ததும் உடையப்பன் மோட்டாரைத் துடைத்து ஸ்டார்ட் பண்ணி வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். நல்லம்மாள் அதைக் கடந்து போய்க் கங்காவின் காரில் ஏறினாள். பத்தாங் பெர்ஜுந்தாய் வரைக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவர் தெரிந்துகொண்டே வந்தார், மழைக்கோட்டு இல்லாமல், நனைந்துகொண்டு. கோயில் முன்னால் பஸ் நின்றது. அவர் எதிர்க் கடைக் கூரைக்கடியில் ஒதுங்கி நின்றார். கையும் ஆட்டவில்லை, திரும்பிப் போகவும் இல்லை.

பஸ்ஸில் முப்பத்தெட்டுப் பேர். உலு யாமிலிருந்தும் கெர்லிங்கிலிருந்தும் ஏறியிருந்தார்கள். நல்லம்மாளுக்குப் பக்கத்துச் சீட்டில் மகாதேவாவின் தங்கை பிரேமளா, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மிஸ்ஸி. அறையிலும் அவளோடுதான் என்றார்கள். நல்லம்மாள் முதலில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். ஈப்போ தாண்டி, சாப்பிட நிறுத்திய இடத்தில் பிரேமளா நாசி லெமாக் தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து முட்டையைப் பாதியாக வெட்டி இவள் பக்கம் நகர்த்தினாள்.

"என்னோட கோவமோ?"

"ஒங்களோட எனக்கு என்னா கோவம்? நீங்களா எழுதுனீங்க?"

"அண்ணையும் எழுதேல்லைத்தானே."

"அவரு எழுதல. எழுதுனதக் கட்டிக்காத்துக்கிட்டு இருக்காரு."

பிரேமளா சிரித்துவிட்டாள். "அவர் பள்ளிக்கூடத்திலயும் அப்படித்தான். பிள்ளை பிந்தி வந்தால் பிந்தினதுதான். வெள்ளத்தில பாலம் உடைஞ்சாலும் பிந்தினதுதான்."

அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சு நிற்கவில்லை. எல்லை தாண்டி ஹாட்யாயில் இறங்கியபோது, பிரேமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடந்தாள் நல்லம்மாள். பெரிய பெரிய சீத்தாப்பழம், வறுத்த முந்திரி, பூப்போட்ட கைலி. கங்காவுக்கு ஒரு பை வாங்கினாள். உடையப்பனுக்கு ஒரு தைலக் குப்பியைக் கையில் எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்து வாங்கிவிட்டாள். மறுநாள் முழுக்கப் பஸ். வயல், ரப்பர், மறுபடி வயல். தாத்தாவைச் சாமான் ரயில் பெட்டியில் நிற்க வைத்துக் கதவைச் சாத்திக் கொண்டுபோனார்களாம், ஐந்து நாள். இறங்கியதும் மழைக்காட்டில் நடை. மலாயாவிலிருந்து போனவர்களின் பாதை அதுதான் என்று மகாதேவா பஸ் மைக்கில் சொன்னார். நல்லாத்தான் சொன்னார். எல்லாத் தேதியும் அவருக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலை முதலில் சண்டையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். பச்சைப் புல் கத்தரித்து விட்டிருந்தது. வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கல். ஒவ்வொன்றுக்கும் பெயர், வயது, பக்கத்தில் ஒரு பூச்செடி. நல்லம்மாளுக்கு இங்கிலீஷ் வராது, நம்பர் வரும். இருபத்தொன்று. இருபத்து மூன்று. பத்தொன்பது.

"பாவம், பிள்ளைங்க" என்றாள். ஒரு வரிசை முழுக்க நடந்து போய்த் திரும்பி வந்து மகாதேவாவிடம் கேட்டாள். "நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்?"

"இதுக்குள்ள இல்லை அம்மா. நம்மட ஆக்களுக்குத் தனிக் கல்லறை எண்டு இல்லை. செத்த இடத்திலயே குழி. சிலருக்கு அதுவும் இல்லை. பிறகு ஒரு குழியில எடுத்த எலும்புகளை இங்க ஒரு விகாரையில வைச்சிருக்கினம். அங்கதான் போறம்."

"இவங்களுக்கு மட்டும் எப்படிப் பேரு கெடச்சிச்சு?"

"அவையின்ர பட்டாளத்தில பதிவு இருந்தது."

"எங்களுக்கும் பதிவு இருந்துச்சு" என்றாள் நல்லம்மாள்.

விகாரைக்குப் போகிற வழியில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ரோட்டோரத்தில் ஒரு தாய்லாந்துப் பெண் கரி அடுப்பில் மீன் சுட்டுக்கொண்டிருந்தாள். நல்லம்மாள் இறங்கிப் போய் விரலை நீட்டி மீனைக் காட்டினாள், குவித்த கையால் சோறு என்றாள். அந்தப் பெண் வாழையிலையில் சுடுசோறு வைத்து, மேலே மீனை வைத்து மடித்துக் கொடுத்தாள். ஒரு ஆளுக்கா என்று ஒரு விரலைக் காட்டிக் கேட்டாள். ஆமாம், ஒரு ஆளுக்கு.

விகாரையின் பின்புறம் ஒரு மரத்தடியில் பழைய தூபி. அதற்குக் கீழே எலும்புகள் இருக்கின்றன என்றார்கள். பக்கத்தில் புதுக் கருங்கல் துணி போர்த்தி நின்றது. முதலில் பிக்குகள் ஓதினார்கள். பிறகு உலு யாமிலிருந்து வந்திருந்த பண்டாரம் ஒருவர் தேவாரம் பாடினார். மகாதேவா துணியை விலக்கி, கையில் தாளோடு முன்னால் வந்து நின்றார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு பெயராக, தோட்டத்தோடு சேர்த்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் போய் ஒரு பூ வைத்தார்கள். ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பதினாலு பெயரும் வந்தன, சதுப்புக்காட்டுக்குள் ஓடியவன் பெயரும் சேர்ந்து. அவனுக்குப் பூ வைக்க யாரும் இல்லை. நல்லம்மாள் எழுந்து போய் ஒரு பூவை வைத்துவிட்டு வந்து நின்றாள்.

நாற்பத்தொரு பெயர். மகாதேவா தாளை மடித்தார். "இத்தோட—"

"இன்னும் ஒன்னு இருக்கு" என்றாள் நல்லம்மாள்.

எல்லோரும் திரும்பினார்கள். பிக்குகளும் பார்த்தார்கள்.

"அம்மா, இது ஒழுங்கா நடக்கிற நிகழ்ச்சி. நாங்கள் இதைப் பற்றிக் கதைச்சனாங்கள்."

"நானும் ஒழுங்காத்தான் சொல்லப் போறேன்."

அவள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தூபியின் அடியில் வைத்தாள். நிமிர்ந்தாள். காட்டில் நாலு நிரை தள்ளி வேலை செய்கிறவளைக் கூப்பிடுகிற குரல் அவளுக்கு. அந்தக் குரலில் சொன்னாள்.

"செல்லன். ஏழாங்கட்டைத் தோட்டம். ஆறாம் நம்பர் லயம். பால்மரம் சீவுனவரு. பொண்டாட்டி பேரு அஞ்சலை. மவன் பேரு தங்கையா. பெரட்டுல நின்ன ஆளப் புடிச்சி லோரியில ஏத்துனாங்க. இங்கதான் வந்தாரு. திரும்பி வரல. அவரு ஓடிப்போகல. நான் அவரு பேத்தி. சொல்லிட்டேன்."

அழுகை வரும் என்று எதிர்பார்த்துதான் முந்தானையை முன்னாலேயே இழுத்துப் பிடித்திருந்தாள். வரவில்லை. முந்தானையை விட்டாள்.

மகாதேவா வாயைத் திறந்தார். அதற்குள் கெர்லிங்கிலிருந்து வந்த விமலா என்கிற பெண் எழுந்துவிட்டாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் வந்தவள். "எங்க வீட்டு ஆளு பேரும் இல்லீங்க. தாள் இல்லன்னு சொல்லிட்டாங்க. முனியாண்டி. அவரு தம்பி காத்தமுத்து. கெர்லிங்." சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். பண்டாரம் கையைத் தூக்கினார். "எங்க பக்கத்துல மூணு பேரு." மூன்றையும் சொன்னார். பின்வரிசையில் தடி ஊன்றி இருந்த ஒரு கிழவர் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே சொன்னார். "எங்க பெரியப்பா. பேரு ஞாபகம் இல்ல. சின்னப் புள்ள நானு. பெரியப்பான்னுதான் கூப்புடுவேன். அவரையும் சேத்துக்கங்க."

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. யாரும் வரிசை வைக்கவில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று. பூத்தட்டு காலியாகிவிட்டது. ஓர் இளம் பிக்கு எழுந்து போய் விகாரைத் தோட்டத்திலிருந்து மடி நிறையப் பூப் பறித்து வந்து கொட்டினார். பிரேமளா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கு மறுமுனையில் கங்கா இருந்தது நல்லம்மாளுக்கு அப்போது தெரியாது.

மகாதேவா தாளை மடித்த கையோடு அப்படியே நின்றார். யாரையும் நிறுத்தவில்லை.

சாயந்திரம் ஆற்றோரம் இருந்த சாப்பாட்டுக் கடையில் அவர் நல்லம்மாளின் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்தார், உட்காரவில்லை.

"அப்பப்பா ஏன் அப்படி எழுதினவர் எண்டு எனக்குத் தெரியேல்லை. வீட்டில அவர் சயாமைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. அவர் நல்ல மனுசன் எண்டுதான் நாங்கள் வளர்ந்தனாங்கள்."

"ஒங்க தாத்தாவத் திட்ட நான் வரலீங்க" என்றாள் நல்லம்மாள். "அவரு எழுதுறப்ப பக்கத்துல துப்பாக்கி வெச்சிக்கிட்டு ஒருத்தன் நின்னான். போன வாரம் எங்க வீட்டுல நீங்க முடியாதுன்னு சொன்னப்ப, ஒங்க பக்கத்துல யாரு நின்னா?"

ஆற்றில் ஒரு படகு பாட்டைப் போட்டுக்கொண்டு போனது. மகாதேவா உட்கார்ந்தார். பையிலிருந்து கமிட்டி நோட்டை எடுத்து விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். கோடு போட்டுக் கட்டங்கள் இருந்தன.

"பெயர் செல்லன். தோட்டம், லயம் தெரியும். வயசு?"

"அப்பாயிக்கு அப்ப இருபத்தி ரெண்டு. இவருக்கு ரெண்டு மூணு கூட இருக்கும்."

"ஆவணம் எண்டு ஒரு கட்டம் கிடக்கு. அதில என்ன போட?"

"அஞ்சலை பாத்துச்சுன்னு போடுங்க."

அவர் எழுதினார். 'நேரில் கண்டவர்: அஞ்சலை, மனைவி.' திருப்பிக் காட்டினார். நல்லம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"கமிட்டியில சண்டை வரும்" என்றார் அவர். "ஒண்டு ரெண்டு பேர் ஒத்துக்கொள்ளாயினம்."

"கமிட்டி எப்பக் கூடுது?"

"அடுத்த மாசம். கோலசிலாங்கூரில."

"நான் வரேன். அந்தக் கெர்லிங் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வரேன். கல்லுல எடம் இருக்குல்ல?"

"கீழ் பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு."

அவர் எழுந்து போனதும் கங்காவின் போன் வந்தது. ஆனால் பேசியது உடையப்பன்.

"கங்கா போனுல காட்டுனா. லயமே நின்னு பாத்துச்சு. மண்டோரு கூட." தொண்டையைச் செருமினார். "ஒன் சத்தம் போனு இல்லாமலே இங்க கேட்டிருக்கும்."

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"நான் அப்டிச் சொல்லியிருக்கக் கூடாது நல்லம்மா."

"சொன்னது சொன்னதுதான். வந்து பேசிக்கறேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள். "சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"கொழம்பு ப்ரிட்ஜுல இருக்கு. சுட வெச்சிக்கங்க."

மறுநாள் சுற்றிப் பார்க்கிற நாள். காலையில் அந்தப் பாதையிலேயே ஓடுகிற ரயிலில் ஏறி, மலைக்குகை ஸ்டேஷன் வரைக்கும் போய் இறங்குவது, அங்கே பஸ் வந்து காத்திருக்கும், பிறகு மிதக்கும் சந்தை என்று திட்டம். பாதிப் பேர் ரயில் ஏற மாட்டோம் என்று விட்டார்கள். தண்டவாளத்தின் ஒவ்வொரு கட்டைக்கும் ஓர் உயிர் என்று சொல்கிற பாதை, அதில் எப்படி உல்லாசமாக உட்கார்ந்து போவது என்றார்கள். மகாதேவாவும் ஏறவில்லை, இத்தனை வருசத்தில் ஒருமுறைகூட ஏறியதில்லை.

"எனக்கு வேணாங்க்கா" என்றாள் விமலா. கண் வீங்கியிருந்தது. "மேல மிதிச்சிட்டுப் போற மாதிரி இருக்கு."

"ஒனக்கு அப்டி இருந்தா ஏறாத, தப்பில்ல" என்றாள் நல்லம்மாள். "ஆனா இத ஜப்பான்காரன் போடல. நம்ம ஆளு போட்டது. ஒலகத்துல இருக்கறவன் எல்லாம் டிக்கெட் வாங்கிப் போறான், போட்டோ புடிக்கிறான். எங்க தாத்தா போட்ட ரோட்டுல நான் போகாம வேற எவன் போறது?"

ஏறினாள். கூடவே பிரேமளாவும். மரப் பலகைச் சீட்டு, திறந்த ஜன்னல். கரும்புக்காடும் மரவள்ளிக் காடும் பின்னால் ஓடின. வறுத்த வாழைப்பழம் விற்றுக்கொண்டு ஒருத்தி வந்தாள். நல்லம்மாள் வாங்கித் தின்றாள். நன்றாக இருந்தது என்று இன்னொரு பொட்டலம் வாங்கினாள். மலையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, மரக்கால்களின் மீது போட்ட பாலத்தில் ரயில் நத்தை மாதிரி ஊர்ந்தது. கட்டைகள் முனகின. சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் இவள் ஜன்னலுக்கு முண்டியடித்தார்கள். ஒருவன் போட்டோ எடுக்கத் தள்ளிக்கொள்ளச் சொல்லிக் கையால் காட்டினான். அவள் தள்ளவில்லை. கீழே பார்த்தாள், எவ்வளவு உயரம் என்று. ஒவ்வொரு மரக்காலையும் பார்த்தாள். யார் தூக்கியிருப்பார், எப்படி நிறுத்தியிருப்பார், மழையில் வழுக்கியிருக்குமே என்று வேலை தெரிந்தவள் பார்க்கிற பார்வையில் பார்த்தாள்.

மலைக்குகை ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள். நல்லம்மாள் அசையவில்லை.

"இறங்க வேணும்" என்றாள் பிரேமளா.

"வண்டி இன்னும் போகுதுல்ல?"

"போகும். கடைசி ஸ்டேஷன் வரைக்கும். அங்கால பாதை இல்லை."

"அப்ப அங்க வரைக்கும் போவோம்."

பிரேமளா வெளியே ஒருமுறை பார்த்தாள். பையைத் தோளிலிருந்து கழற்றி மறுபடி சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரயில் நகர்ந்தது. ஐந்து நிமிடத்தில் மகாதேவாவின் போன் வந்தது. பிரேமளா கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "அண்ணை கத்துறார். பஸ் நிக்குதாம், சந்தை மூடிப் போகுமாம்."

"காத்திருக்கச் சொல்லுங்க" என்றாள் நல்லம்மாள்.

கடைசி ஸ்டேஷன் சின்னது. இறங்கியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. நல்லம்மாள் மேடையிலிருந்து இறங்கி, தண்டவாளத்தின் ஓரமாக ரயிலைத் தாண்டி நடந்தாள். கொஞ்ச தூரத்தில் இரும்பு புல்லுக்குள் புகுந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் மூங்கிலும் காடும். மழை தூற ஆரம்பித்தது.

"இதுக்கு மேலயும் போட்டாங்களா?"

"பர்மா வரைக்கும் போட்டவை. சண்டை முடிஞ்ச பிறகு கழட்டிப் போட்டினம். தடம் மட்டும் கிடக்காம், காட்டுக்குள்ளால."

நல்லம்மாள் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லுக்குள் இறங்கினாள். பத்தடி, இருபதடி. முட்செடி காலைப் பிடித்தது. ரப்பர்ச் செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று, காட்டை நெடுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"இங்க செருப்பு உதவாது மிஸ்ஸி" என்றாள். "அடுத்த வருசம் வர்றப்ப பூட்சு போட்டுக்கிட்டு வரணும்."